தீபாவளிக்குப் போனவர் திரும்பவில்லை: யார் யாருக்குக் கடன்?

கேள்வி, 20 நவம்பர் 2023

திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் பதினான்கு மெஷின் போட்டு பவர் டேபிள் ஓட்டுகிறேன், அதாவது பெரிய கம்பெனி வெட்டித் தரும் துணியைத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட். தீபாவளிக்கு எல்லோருக்கும் போனஸ் கொடுத்தேன். நான்கு வருடமாக இருக்கும் ஓவர்லாக் மெஷின் டெய்லர் ஒருவர், தங்கச்சி கல்யாணம் என்று ஆடியிலேயே 15,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். பண்டிகைச் செலவு இருக்குமே என்று போனஸில் பிடிக்காமல் விட்டேன். ஊருக்குப் போனவர் வரவில்லை, போனும் எடுப்பதில்லை. இரண்டு தெரு தள்ளி வேறொரு கம்பெனியில் உட்கார்ந்து தைக்கிறார் என்று டெய்லர்களுக்கு உதவும் கைமடிப் பையன் சொல்கிறான். டஜனுக்கு ஒரு ரூபாய் அதிகமாம். விசுவாசம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

பதில், 20 நவம்பர், இரவு 11 மணி

இருக்கிறது. ஆனால் இரண்டு தெரு தள்ளி டஜனுக்கு ஒரு ரூபாய் அதிகம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அது எத்தனை நாளாகத் தெரியும்?

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1999-இல் ஆண்டிபட்டியிலிருந்து வந்து கைமடியில் ஆரம்பித்து, டெய்லராகப் பல வருடம் தைத்தேன். அப்புறம் பன்னிரண்டு மெஷினோடு சொந்த பவர் டேபிள். அதை 2022-இல் மூடிவிட்டு இப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். மூன்று நாற்காலியிலும் உட்கார்ந்தவன். ஒவ்வொரு நாற்காலியில் இருக்கும்போதும் மற்ற இரண்டில் இருப்பவர்கள்தான் நன்றி கெட்டவர்கள் என்று நினைத்திருக்கிறேன்.

15,000 உங்கள் பணம். அதைக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. போனஸை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தூக்கம் வருகிறது, நாளை எழுதுகிறேன்.

21 நவம்பர்

போனஸ் விஷயம். இன்றைக்கு, 2023-இல், நடப்பில் இருப்பது 1965-ஆம் வருடச் சட்டம். கணக்கு வருடத்தில் முப்பது நாள் வேலை செய்திருந்து, மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் குறைந்தது 8.33 சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும். அந்த 8.33 எங்கிருந்து வந்தது என்று பலர் யோசிப்பதில்லை. நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். பன்னிரண்டு மாத உழைப்புக்குப் பதின்மூன்றாவது மாதம் என்பதுதான் அதன் அர்த்தம். அது போன வருட உழைப்பின் பாக்கி. அடுத்த வருடம் வருவதற்குக் கொடுக்கும் முன்பணம் கிடையாது.

நம் ஊரில் அதைத் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை வெற்றிலை பாக்கு, ஸ்வீட் பாக்ஸோடு கொடுக்கிறோம். வாங்குகிறவர் இரண்டு கையாலும் வாங்கிக் கும்பிடுகிறார். பாக்கியைத் திருப்பிக் கொடுக்கிறவனைக் கும்பிடுவது உலகத்தில் இந்த ஒரு இடத்தில்தான்.

இருபது பேருக்குக் கீழே இருந்தால் சட்டம் உங்களைத் தொடாது.

21 நவம்பர், மதியம்

மேலே கடைசி வரி தப்பு. யூனியனில் இருக்கும் நண்பர் போனிலேயே திட்டினார். இருபது பேர் கணக்கு கடை, ஆபீஸ் மாதிரி இடங்களுக்கு. கரண்டில் மெஷின் ஓடி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் அது ஃபேக்டரி, போனஸ் சட்டம் வரும். பதினான்கு மெஷின் என்றால் கைமடி, செக்கிங் சேர்த்து நீங்கள் அதற்குள்தான் வருவீர்கள். நானும் வந்திருப்பேன், அந்தக் காலத்தில் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசைப்படவில்லை என்பதுதான் உண்மை.

இன்னொன்று. திருட்டு, மோசடி, கம்பெனிக்குள் அடிதடி என்று வேலையை விட்டு நீக்கினால்தான் போனஸ் போகும். சொல்லாமல் நின்றதற்குப் போகாது.

ஒரு சந்தேகம்: ஊருக்குப் போன வாரத்தில் அவர் எத்தனை ஷிப்ட் செய்திருந்தார்? அதற்குச் சம்பளம் போட்டீர்களா?

23 நவம்பர்

சந்தேகத்துக்குப் பதில் வரவில்லை. சரி, என் கதையைச் சொல்கிறேன்.

2004-இல் என் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். அப்போது நான் பேட்லாக் மெஷினில் தைத்துக்கொண்டிருந்த கம்பெனியின் முதலாளி 8,000 ரூபாய் கொடுத்தார். கேட்ட பத்தாவது நிமிடம், கல்லாவைத் திறந்து, எண்ணாமல் கொடுத்தார். வாரம் 200 பிடித்துக்கொள்வது என்று பேச்சு. சனிக்கிழமை சம்பளக் கவரின் பின்பக்கம் பென்சிலில் 'ஆஸ். 200' என்று, ஆஸ்பத்திரிக் கடனில் 200 பிடித்ததாக, எழுதியிருக்கும். பேனாவில் எழுத மாட்டார். நாற்பது வாரத்தில் கடன் அடைந்தது. அந்தப் பென்சில் எழுத்து கவரிலிருந்து போனது, அவர் வாயிலிருந்து போகவில்லை. ரேட் ஏற்றச் சொன்னால், 'அம்மா இப்ப எப்படி இருக்காங்க?' என்பார். அவ்வளவுதான், நான் வாயை மூடிக்கொண்டு மெஷினுக்குப் போய்விடுவேன்.

பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டுக்கு 15 ரூபாய் அதிகம். நமக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ஷிப்ட், வாரத்துக்கு ஒன்பது. வாரம் 135 ரூபாய். ஐந்து வருடம் போகாமல் இருந்தேன். வருடத்துக்கு ஐம்பது வாரம் என்று போட்டால் 33,750. எட்டாயிரத்துக்கு முப்பத்து மூவாயிரம் வட்டி. கந்துவட்டிக்காரர்கூடக் கூச்சப்படுவார்.

24 நவம்பர்

வீட்டில் இதைப் படித்துவிட்டார்கள். திருத்தங்கள்:

ஐந்து வருடம் இல்லையாம், மூன்றரைதானாம். மகன் பிறந்த வருடத்தை வைத்துக் கணக்குச் சொல்லிவிட்டார். கடைசி ஆயிரத்து சொச்சத்தை முதலாளி பிடிக்காமல் விட்டதை நான் எழுதவில்லையாம். ஆபரேஷன் அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு பிளாஸ்கில் காபியும் இட்லியும் எடுத்துக்கொண்டு வார்டுக்கே வந்தாராம். 'நீங்க பேக்டரில நைட்டு, நான்தான் அத்தை பக்கத்துல இருந்தேன். வந்தது அவர். உங்களுக்கு எப்படித் தெரியும்?'

தெரியும். அவர் சொல்லித் தெரியும். மூன்றரை வருடமும் சொன்னார்.

ஆனாலும் அந்த இட்லி பொய்யில்லை. மாலை ஷிப்மென்ட்டை விட்டுவிட்டு ஒரு முதலாளி பெரியாஸ்பத்திரி வார்டில் டிபன் கேரியரோடு நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வட்டிக் கணக்கை மட்டும் திருத்திவிடுகிறேன்: 23,000 சொச்சம்.

24 நவம்பர், இரவு

(பிளாஸ்கா, டிபன் கேரியரா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காபி பிளாஸ்கில், இட்லி கேரியரில். விடுங்கள்.)

26 நவம்பர், ஞாயிறு

காலையில் பி.என். ரோடு பக்கம் போய்வந்தேன். கேட்டுக்கு கேட் அட்டை தொங்குகிறது. 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் தேவை. சிங்கர் மெஷின் டெய்லர் தேவை. கைமடி ஆட்கள் தேவை. தங்கும் வசதி உண்டு.' பாதியில் இந்தியும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இந்த ஊரில் எல்லா முதலாளியும் ஆள் போனவர், அதே முதலாளியே அடுத்தவர் ஆளை எடுத்தவர். உங்கள் டெய்லரை எடுத்தவரும் இதே போல எங்கோ உட்கார்ந்து 'விசுவாசம் போச்சு' என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

வடக்கிலிருந்து வந்தவர்களைப் பற்றி ஒருவர் கோபமாக எழுதியிருந்தார், தீபாவளிக்குப் போனால் வருவதேயில்லை என்று. பீகார்க்காரர்களுக்குத் தீபாவளியைவிடப் பெரிது ஆறு நாள் கழித்து வரும் சட் பூஜை. அது முடிந்து, டிக்கெட் கிடைத்து, இரண்டு இரவு ரயிலில் வர வேண்டும். நம்மவர்களைப் பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் இழுத்துப் பிடித்தால் நிற்பார்களா? பெரும்பாலும் வந்துவிடுவார்கள், பொறுங்கள்.

தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் சின்னதாகிக்கொண்டே போகிறது என்று இங்கே சிலர் விவாதிக்கிறார்கள், அதில் பேச எனக்கு இடமில்லை. கிலோவாக இருந்து அரைக் கிலோவானது உண்மை. ஆனால் நான் முதலாளியாக இருந்த கடைசி வருடம் கால் கிலோ மிக்சர்தான் கொடுத்தேன், அதையும் ஸ்வீட் பாக்ஸ் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

3 டிசம்பர்

'நீங்கள் டெய்லர் பக்கமே பேசுகிறீர்கள், ஷிப்மென்ட் நேரத்தில் ஆள் நின்றால் தெரியும்' என்று முதலில் கேள்வி கேட்ட முதலாளி எழுதியிருக்கிறார். தெரியும். நன்றாகத் தெரியும்.

பவர் டேபிள் ஓட்டியபோது ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூன்று ஓவர்லாக்கும் காலி. முதல் நாள் ராத்திரி வரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள். மாலைக்குள் நானூறு டஜன் கொடுக்க வேண்டும். நானே உட்கார்ந்து தைத்தேன். விரலில் ஊசி ஏறியது. அன்று அவர்கள் எனக்கு ஒரு வார்த்தை கடன்பட்டிருந்தார்கள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். 'அண்ணா, திங்கக்கிழமையிலிருந்து வரமாட்டோம்.' இந்த ஒரு வரி. அது போதும், ஆள் பார்த்திருப்பேன்.

ஏன் சொல்லவில்லை என்று அதில் ஒருவரைப் பிறகு ஒரு டீக்கடையில் வைத்துக் கேட்டேன். 'சொன்னா அந்த வாரச் சம்பளத்த நிறுத்திருப்பீங்கண்ணா.' நான் இல்லை என்றேன். அவர் டீயைக் குடித்தார். அதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போன ஒரு சிங்கர் டெய்லருக்கு நான் இரண்டு வாரம் நிறுத்தியிருந்தேன், அவருக்குத் தெரியும்.

9 டிசம்பர்

இப்போது நான் எழுத வந்த விஷயம். அதாவது, எழுதிக்கொண்டே வந்தபோது எனக்கே பிடிபட்ட விஷயம்.

என் பவர் டேபிளுக்கு வேலை கொடுத்தது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. துணியை வெட்டி மூட்டையாக அனுப்புவார்கள், தைத்துக் கொடுக்க வேண்டியது. பில் போட்டால் அறுபது நாள் என்று பேச்சு. வந்தது நூறு நாளில், நூற்றிருபது நாளில். கேட்டால் 'பையர் பேமென்ட் வரலை', அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி இன்னும் பணம் தரவில்லை என்பார்கள். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் டெய்லர்களுக்குச் சம்பளம் போட்டாக வேண்டும். மனைவியின் வளையல் எத்தனை முறை அடகுக்கடைக்குப் போய் வந்தது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம், எழுதி வைத்திருக்கிறார்.

2022-இல் நூல் விலை ஏறிக்கொண்டே போனது. மே மாதம் திருப்பூரே இரண்டு நாள் கம்பெனிகளை மூடிப் போராடியது. ஆர்டர் குறைந்ததும் அந்த எக்ஸ்போர்ட்காரர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை மூட்டை வரவில்லை. அவ்வளவுதான். ஏழு வருட வேலை, மூன்று பில் பாக்கி.

அவரை நான் நன்றி கெட்டவர் என்று சொன்னேனா? இல்லை. 'மார்க்கெட் அப்படி' என்றேன். தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் பழத்தட்டு எடுத்துக்கொண்டுகூடப் போனேன், பில் பாக்கி வரட்டும் என்று. டெய்லர் சொல்லாமல் நின்றால் துரோகம், எக்ஸ்போர்ட்காரர் சொல்லாமல் நிறுத்தினால் மார்க்கெட். விசுவாசத்தை நாம் கீழே இருப்பவரிடம் மட்டும்தான் கேட்கிறோம். மேலே பார்த்துக் கேட்க நமக்கு வாய் வருவதில்லை.

10 டிசம்பர்

நேற்று எழுதியது கொஞ்சம் மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிட்டது. எக்ஸ்போர்ட்காரருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், கப்பலில் ஏற்றிய பிறகு டிஸ்கவுண்ட் கேட்கும் பையர். சரி.

ஆனால் பெரியவர் ஒருவர் எழுதியதைப் பாருங்கள்: 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் ஸ்டிரைக் நடந்தபோது இங்கே யாரும் விசுவாசம் பற்றிப் பேசவில்லை, படி எவ்வளவு என்றுதான் பேசினார்கள் என்கிறார். அப்புறம் கான்ட்ராக்ட், பீஸ் ரேட் என்று ஆகி, யார் யாருக்கு ஆள் என்பதே குழம்பிப்போனது. என் பவர் டேபிளில் இருந்தவர்கள் என் ஆட்களா, எக்ஸ்போர்ட்காரரின் ஆட்களா? பையர் தரப்பிலிருந்து யூனிட்டைச் சோதிக்க ஆடிட் வரும் அன்று அவர் ஆட்கள், ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் என் ஆட்கள்.

ஆடிட் அன்று நடக்கும் கூத்தைத் தனியாக எழுத வேண்டும். முதலுதவிப் பெட்டியில் டிங்சர் வாங்கி வைப்பதிலிருந்து ஆரம்பிக்கும்.

17 ஜனவரி 2024

பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தேன். இந்த விவாத இழை இன்னும் உயிரோடு இருக்கிறது.

வேலையே இல்லாத நாளுக்கு முதலாளி என்ன கடன்பட்டிருக்கிறார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று மத்திய உள்துறை உத்தரவு போட்டது, மே மாதம் அது வாபஸ் ஆனது. இடையில் என்னைப் போன்றவர்கள் எதைக் கொடுத்தோம்? முதல் வாரம் முழுச் சம்பளம். அடுத்த இரண்டு வாரம் பாதி. அப்புறம் அரிசி, பருப்பு, எண்ணெய். அதற்கும் அப்புறம் நான் போனை எடுக்கவில்லை.

ஆமாம். உங்கள் டெய்லர் செய்ததைத்தான் நானும் செய்தேன். பீகார்ப் பையன் ஒருவன் இரண்டு நாள் போன் செய்து பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். மே மாதம் ரயில் விட்டபோது போய்விட்டான். கம்பெனி திறந்ததும் அவனை வரச் சொல்லி நான்தான் கூப்பிட்டேன், டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்றேன். போனை எடுத்தான். வரவில்லை. ஆனால் எடுத்தான்.

18 பிப்ரவரி 2024

கிளைக்கதை. ஊரெல்லாம் ஒரே பேச்சு, வருமான வரிச் சட்டத்தின் '43பி எச்' பிரிவு. சிறு தொழில் செய்கிறவருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், பாக்கி வைத்தவர் அந்தத் தொகையை அந்த வருடச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது. 45 நாள் என்பது சிறு தொழில்களுக்கான 2006 சட்டத்திலேயே இருக்கிறது, தாமதத்துக்கு வட்டியும் உண்டு. நான் பவர் டேபிள் ஓட்டிய காலம் முழுக்க அந்தச் சட்டம் இருந்தது. பதிவு செய்து புகார் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் அடுத்த மூட்டை வந்திருக்காது.

இப்போது நான் வேலை பார்க்கும் ஆபீசில் மார்ச்சுக்குள் பவர் டேபிள் பில்களைத் தீர்க்க ஓடிக்கொண்டிருக்கிறார்கள். வரிக்குப் பயந்து வருகிற பணம் விசுவாசத்துக்கு வந்த பணத்தைவிட வேகமாக வருகிறது. சில பேர் பதிவு இல்லாத யூனிட்டாகப் பார்த்து வேலையை மாற்றிவிடலாமா என்றும் யோசிக்கிறார்களாம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

25 பிப்ரவரி

கிராஜுவிட்டி (பணிக்கொடை) பற்றிக் கேட்ட சகோதரிக்கு: உங்கள் அம்மா பத்து வருடம் அதே கம்பெனியில் செக்கிங் என்றால் கண்டிப்பாகக் கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், ஐந்து வருடம் முடிந்திருந்தால் போதும். கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்க வேண்டும். 15,000 சம்பளம், பத்து வருடம் என்றால் 86,538 ரூபாய். பீஸ் ரேட் என்றால் கடைசி மூன்று மாதச் சராசரி. ஒவ்வொரு தீபாவளிக்கும் வேலை அதோடு முடிந்து புதிதாகச் சேர்ந்த மாதிரி 'கணக்கு முடிச்சு' கையெழுத்து வாங்கியிருந்தாலும் விடாதீர்கள், யூனியனிலோ தொழிலாளர் துறை ஆபீசிலோ போய்க் கேளுங்கள். நானும் அப்படிக் கையெழுத்து வாங்கியவன். அது எதற்கு என்று எனக்குத் தெரியும்.

செக்கிங் அக்கா ஒருவர் பற்றி நினைவு வந்தது. என் பவர் டேபிளில் ஒரு நாள் குழந்தைகள் உடுப்பு ஆர்டரில் ஊசி உடைந்தது. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைத்தால்தான் நோட்டில் டேப் போட்டு ஒட்டி அடுத்த ஊசி கொடுக்க முடியும். நுனி கிடைக்கவில்லை. நான் போகட்டும் என்றேன். அவர் ஆறு மணிக்குப் போக வேண்டியவர், ராத்திரி பதினொன்று வரை ஒவ்வொரு பீஸாக விரித்துத் தடவி, ஒரு கழுத்துப் பட்டித் தையலுக்குள் அந்த நுனியைக் கண்டுபிடித்தார். எள் அளவு இருக்கும். 'ஏதோ ஒரு கொழந்த போடறதுங்க' என்றார். அதற்கு ஓவர்டைம் போட்டேனா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். போட்ட மாதிரி நினைவில்லை. ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய் கொடுத்தேன், அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அதே அக்கா மகள் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு 5,000 வாங்கியிருந்தார். ஒரு நாள் சீக்கிரம் போக வேண்டும் என்று கேட்டபோது, 'பாப்பா இப்ப நல்லாப் படிக்குதா?' என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது யாருடைய குரல் என்று தெரிந்தது.

3 மார்ச் 2024

கேட்டவர் எழுதியிருக்கிறார். டெய்லர் நேற்று சனிக்கிழமை மாலை வந்தாராம். உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே நின்று 4,000 ரூபாய் கொடுத்தாராம். மீதியை மாதம் இரண்டாயிரமாகத் தருகிறேன் என்றாராம். தன்னுடைய நூல் வெட்டும் டிரிம்மர் மெஷின் டிராயரில் இருக்கிறது, கொடுங்கள் என்றாராம். இவர் எடுத்துக் கொடுத்தாராம். டீ வாங்கிக் கொடுத்தாராம். பேச்சு ஒன்றும் பெரிதாக இல்லையாம்.

நல்லது. மீதி 11,000 என்று எழுதியிருக்கிறீர்கள். நவம்பரில் நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. அந்தக் கடைசி வாரத்து ஷிப்ட் எத்தனை? அதைக் கழித்துவிட்டா எழுதினீர்கள்?

3 மார்ச், மாலை

நான்கரை ஷிப்டாம். கழிக்கவில்லையாம். இன்று போன் செய்து சொல்லப் போகிறாராம்.

எடுத்தாரா என்று எழுதுங்கள்.